மாசம் 189 ரூபாய்தானே!



ரசப்பொடி, குழந்தை சளி, நாத்தனார் சண்டை என்று எல்லாவற்றையும் இங்கே எழுதுகிறோம். காருக்கு இன்சூரன்ஸ் கட்டுவதைப் பற்றி ஒரு குடும்பப் பெண் எழுத என்ன இருக்கிறது என்று தோன்றலாம். 2025 ஜூன் மாதம் வரை எனக்கும் அப்படித்தான் இருந்தது. கார் பேப்பர் எல்லாம் என் கணவரின் நீலக் கலர் ஃபைலில் இருக்கும். அதை நான் தூசி தட்டுவேன், திறந்து பார்த்ததில்லை.

எங்களிடம் இருப்பது பழைய கார். 2022 நவம்பரில் ஃபைனான்ஸ் போட்டு வாங்கினோம். மாமியாரை மாதத்தில் இரண்டு தடவை ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போக வேண்டும். அஸ்தம்பட்டி ரவுண்டானாவில் அவரை வைத்துக்கொண்டு ஆட்டோவுக்கு நின்ற கஷ்டத்தில் வாங்கியதுதான். அதனால் வருஷா வருஷம் நவம்பரில் இன்சூரன்ஸ் வந்துவிடும். தீபாவளி முடிந்து கையில் ஒன்றும் மிஞ்சாத நேரம். ஜவுளி, பலகாரம், பட்டாசு, பட்டறை ஆளுக்குப் போனஸ் எல்லாம் முடிந்து மூச்சு விடும்போது இது வந்து நிற்கும். (என் கணவருக்குக் கொலுசுப் பட்டறை. சேலத்துக்காரர்களுக்கு அது எப்படிப்பட்ட வருமானம் என்று சொல்ல வேண்டியதில்லை. ஒரு மாதம் வரும், ஒரு மாதம் வராது.)

2024 தீபாவளி முடிந்த கையோடு 14,160 ரூபாய் கட்டச் சொல்லி வந்தது. பிரீமியம் 12,000, அதற்கு 18 சதவீத ஜி.எஸ்.டி. 2,160. அந்த நேரம் பார்த்து, காருக்குக் கடன் கொடுத்த ஃபைனான்ஸிலிருந்து ஒரு தம்பி போன் செய்திருக்கிறார். "மொத்தமா எதுக்கு சார் கஷ்டப்படறீங்க, நாங்க கட்டிடறோம். நீங்க மாசம் 1,369 கொடுத்தா போதும், 12 மாசம்" என்றாராம். இவரும் மூன்று இடத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டார். எனக்குச் சொல்லவில்லை. மறைக்க வேண்டும் என்று இல்லை. சொல்லும் அளவுக்குப் பெரிய விஷயமாக அவருக்குத் தோன்றவில்லை, அவ்வளவுதான்.

2025 ஜூனில் பள்ளிக்கூடம் திறந்தது. இரண்டு பிள்ளைகளுக்கும் ஃபீஸ் கட்டினோம். வெள்ளி விலை ஏறிக்கொண்டே போனதில் பட்டறையிலும் ஆர்டர் குறைந்த சமயம். எங்கள் இருவர் பெயரிலும் இருக்கும் கணக்கில் பணம் இல்லாமல் அந்த மாதத் தவணை திரும்பிவிட்டது. என் போனுக்குத்தான் மெசேஜ் வந்தது. பேங்கில் அபராதம் 590, ஃபைனான்ஸில் அபராதம் 590. எதற்கு இந்தத் தவணை என்று கேட்டபோதுதான் விஷயமே எனக்குத் தெரிந்தது.

"வட்டி எவ்வளவுங்க?" என்றேன்.

"என்ன பெரிய வட்டி, மாசம் 189 ரூபாதானே! நீ பூ வாங்கற காசு" என்றார்.

எனக்குச் சுருக்கென்றது. பூ பேச்சுக்காக இல்லை. (அதுவும்தான்!) வீட்டில் சீட்டுக் கணக்கு, பால் கணக்கு, மளிகைக் கணக்கு எல்லாம் பார்ப்பவள் நான். பக்கத்து வீட்டில் யாராவது அவசரத்துக்குக் கடன் கேட்டால் நாம் முதலில் என்ன கேட்போம்? "எத்தனை வட்டி?" என்றுதானே. ஒரு வட்டியா, ஒன்றரையா, இரண்டா என்று. நூறு ரூபாய்க்கு மாதம் எத்தனை ரூபாய் என்ற அந்தக் கணக்கு நமக்குப் பல் தேய்ப்பது போல. ஆனால் கார் என்றதும் அந்தக் கேள்வியை யாரும் கேட்பதில்லை. அவர்களும் சொல்வதில்லை. மாதம் எவ்வளவு என்று மட்டும்தான் சொல்கிறார்கள்.

அன்று ராத்திரி நீல ஃபைலைத் திறந்தேன். தினசரி காலண்டர் தாளைக் கிழித்து அதன் பின்பக்கம் கணக்குப் போட்டேன். 1,369-ஐ 12-ஆல் பெருக்கினால் 16,428. வாங்கியது 14,160. வட்டி 2,268. ஃபைலில் "16 சதவீதம் ஃப்ளாட்" என்று இருந்தது. 14,160-க்கு 16 சதவீதம் என்றால் ஏறத்தாழ அந்தத் தொகைதான் வருகிறது. பேங்க் நகைக் கடனை விட அதிகம், ஆனால் ஊரில் வெளியே வாங்கும் வட்டியை விடக் குறைவு என்று எனக்கே கொஞ்சம் சமாதானமாகிவிட்டது.

மறுநாள் காலையில் மாமியார் காப்பி குடித்துக்கொண்டே அந்தத் தாளைப் பார்த்தார். அவர் ஐந்தாவதுதான் படித்தவர். ஆனால் எங்கள் மாமனார் சங்ககிரியில் லாரி வைத்திருந்தவர். ஃபைனான்ஸ்காரர்களோடு இருபது வருஷம் மல்லுக்கட்டிய வீடு.

"ஏங்கண்ணு, மாசா மாசம் அசலையும் சேத்தித்தானே கட்டறான் எம் மவன்?"

"ஆமாங்கத்தை."

"அப்ப அசல் கொறையக் கொறைய வட்டியும் கொறையோணுமல்லோ? இவனுங்க மொத நாள் அசலுக்கே கடைசி மாசம் வரைக்கும் வட்டி போட்டிருக்கானுங்க. உங்க மாமனாரு இதுல ஏமாந்துதான் ஒரு வண்டியவே வித்தாரு."

எனக்கு மண்டையில் அடித்தது போல் ஆகிவிட்டது. மறுபடி ஒரு தாளைக் கிழித்தேன். மாதம் அசலில் 1,180 கழிகிறது. அப்படியானால் முதல் மாதம் என் கையில் இருக்கும் கடன் 14,160. இரண்டாவது மாதம் 12,980. மூன்றாவது மாதம் 11,800. இப்படியே இறங்கிக் கடைசி மாதம் வெறும் 1,180. வருஷம் முழுக்கச் சராசரியாகப் பார்த்தால் எங்களிடம் இருந்த அவர்கள் பணம் 7,670 ரூபாய்தான். அந்த 7,670-க்குத்தான் வருஷத்துக்கு 2,268 வட்டி கட்டுகிறோம்! நூற்றுக்கு 30-ஐ ஒட்டி வருகிறது. நம் பாஷையில் சொன்னால் இரண்டரை வட்டி. கடைசி மாதம் 1,180 ரூபாய்க்கு 189 ரூபாய் வட்டி என்றால் அது பதினாறு வட்டி. கேட்டால் சிரிப்பீர்கள்.

நான் போட்டது அடுப்படிக் கணக்கு. பேங்கில் வேலை பார்க்கும் என் தங்கை மகளிடம் கேட்டபோது அவள் கம்ப்யூட்டரில் போட்டுப் பார்த்து, வட்டி மட்டும் வருஷத்துக்கு 28 சதவீதத்துக்கு மேல் வருகிறது என்றாள். அதோடு அவள் கேட்ட கேள்விதான் முக்கியம். "ப்ராசஸிங் ஃபீஸ் எவ்வளவு பெரியம்மா?" அது வேறு 199 ரூபாய், ஜி.எஸ்.டி.யோடு 235. அதையும் சேர்த்தால் 31 சதவீதத்தைத் தாண்டுகிறதாம்.

"ஃபைலில் ஒரு தாள் இருக்கணுமே, தேடிப் பாருங்க" என்றாள். 2024 அக்டோபர் 1-லிருந்து பேங்கோ ஃபைனான்ஸோ யார் புதிதாகச் சில்லறைக் கடன் கொடுத்தாலும், கட்டணம் எல்லாம் சேர்த்து வருஷத்துக்கு மொத்தம் எத்தனை சதவீதம் ஆகிறது என்பதை ஒரு தாளில் எழுதி, கடன் வாங்குகிறவருக்குப் புரியும் மொழியில் கொடுத்தாக வேண்டும் என்று ரிசர்வ் வங்கி உத்தரவு போட்டிருக்கிறது. 'முக்கிய விவரத் தாள்' என்று சொல்கிறார்கள். தேடினேன். இருந்தது! மூன்று கையெழுத்தில் ஒன்று அதற்குத்தான். பொடி எழுத்தில் 31 சதவீதத்துக்கு மேல் என்று அச்சடித்தே இருந்தது. என் கணவரிடம் காட்டினேன். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு இரண்டு தடவை படித்தார். ஒன்றும் சொல்லவில்லை. அன்றைக்குப் பட்டறைக்குக் கொஞ்சம் சீக்கிரமாகவே கிளம்பிவிட்டார்.

இதைக் கேள்விப்பட்டு எதிர் வீட்டு வக்கீலம்மா ஒரு விஷயம் சொன்னார். கார் இன்சூரன்ஸில் கம்பெனி நமக்கு மளிகைக் கடை போல் பற்று எழுதிக்கொண்டு தவணை கொடுப்பதில்லையாம். 1938-ம் வருஷத்துக் காப்பீட்டுச் சட்டத்தில் 64 வி.பி. என்று ஒரு பிரிவு. பிரீமியம் முன்கூட்டியே வந்து சேராமல் கம்பெனி பொறுப்பு ஏற்கக் கூடாது என்பது அதன் சாரம். அதனால் "மாசா மாசம் இன்சூரன்ஸ் கட்டலாம்" என்று யார் சொன்னாலும், நடுவில் ஒருவர் நம் பெயரில் முழுப் பணத்தையும் கட்டிவிட்டு நமக்குக் கடன் கொடுக்கிறார் என்றுதான் பொதுவாக அர்த்தம். அது ஃபைனான்ஸாக இருக்கலாம், கிரெடிட் கார்டாக இருக்கலாம். அந்தக் கடனுக்குத்தான் வட்டி.

அப்படி யாரும் கட்டாமல் விட்டால் என்ன ஆகும் என்பதற்கு அவர் ஒரு வழக்கைச் சொன்னார். ஜம்மு காஷ்மீரில் ஒருவர் 1993 டிசம்பர் 21-ல் தன் மாருதி காருக்கு இன்சூரன்ஸ் எடுத்து, முதல் தவணையாக 4,492 ரூபாய்க்குச் செக் கொடுத்தார். பத்தாம் நாள், டிசம்பர் 31-ல், கார் விபத்தாகி அவரே இறந்து போனார். 1994 ஜனவரி 10-ல் செக் பணமில்லாமல் திரும்பிவிட்டது. மனைவியும் பிள்ளைகளும் வழக்குப் போட்டார்கள். உச்ச நீதிமன்றம் வரை போய், 2001 பிப்ரவரியில், பணம் வந்து சேராததால் கம்பெனி தர வேண்டியதில்லை என்று தீர்ப்பாகிவிட்டது. அந்த அம்மாவை நினைத்தால் இன்றும் எனக்கு வயிற்றைப் பிசைகிறது. செக்கில் பணம் இருக்கிறதா என்று அவருக்கு எப்படித் தெரிந்திருக்கும்?

எங்கள் தெருக்கோடியிலேயே ஒரு கூத்து நடந்தது. அங்கிருக்கும் அக்கா, தெரிந்த பையன்தானே என்று ஓர் ஏஜெண்டிடம் மாதம் இவ்வளவு என்று கையில் ரொக்கமாகக் கொடுத்து வந்தார். வட்டியே வேண்டாம் என்று சொல்லியிருக்கிறான். இவரும் மகிழ்ந்து போனார். ஏற்காடு ரோட்டில் போலீஸ் நிறுத்திப் பார்த்தபோது பாலிசியே இல்லை! முழுத் தொகை சேர்ந்த பிறகு கட்டலாம் என்று வைத்திருந்தானாம். அபராதம் 2,000 ரூபாய். அதோடு விட்டதா? பாலிசி முடிந்து 90 நாள் தாண்டிவிட்டதால், இத்தனை வருஷம் கிளெய்ம் வாங்காததற்குக் கிடைத்து வந்த தள்ளுபடியும் போச்சு. வட்டி இல்லாத தவணை அவருக்குத்தான் எல்லாரையும் விட அதிகம் செலவு வைத்தது. எங்கள் ஃபைனான்ஸ்காரர்களாவது பாலிசியை உடனே கையில் கொடுத்தார்கள், அதையும் சொல்ல வேண்டும்.

கிரெடிட் கார்டில் தவணையாக மாற்றினால் வட்டி கொஞ்சம் குறையலாம். பெரும்பாலும் குறையும் அசலுக்குத்தான் வட்டி போடுகிறார்கள். ஆனால் அந்த வட்டிக்கும் 18 சதவீத ஜி.எஸ்.டி. உண்டு. "வட்டியே இல்லாத தவணை" என்று விளம்பரம் வருகிறதே, அதில் வட்டியை முன்னாலேயே விலையில் தள்ளுபடியாகக் காட்டுகிறார்கள். அசல் எவ்வளவு, வட்டி எவ்வளவு, தள்ளுபடி எவ்வளவு என்று தனித்தனியாகக் காட்ட வேண்டும், வட்டி உள்ளதை வட்டி இல்லாதது போல மறைக்கக் கூடாது என்று 2022-ல் ரிசர்வ் வங்கி சொல்லியிருக்கிறது. தவணை கட்டாமல் கார்டில் "குறைந்தபட்சத் தொகை" மட்டும் கட்டிக்கொண்டு போனால் பல கார்டுகளில் மாதம் மூன்றரை வட்டி. வருஷத்துக்கு 42 சதவீதம்! 30-க்கு மேல் கூடாது என்று 2008-ல் தேசிய நுகர்வோர் ஆணையம் சொல்லியிருந்தது. 2024 டிசம்பர் 20-ல் உச்ச நீதிமன்றம் அதை ரத்து செய்துவிட்டது. நம் ஊரில் ஒரு பெண் மூன்றரை வட்டிக்கு விட்டால் அவளுக்கு என்ன பெயர் வைப்போம் என்று யோசித்துப் பார்த்தேன்.

இங்கிலாந்தில் இருக்கும் என் அண்ணன் மகளிடம் சொன்னபோது, அங்கே இன்சூரன்ஸ் கம்பெனியே மாதத் தவணையைப் போட்டுத் தருகிறது, வட்டியும் சேர்த்துத்தான் என்றாள். இப்படிக் கடனில் இன்சூரன்ஸ் கட்டுகிறவர்கள் அந்த நாட்டில் இரண்டு கோடிப் பேருக்கு மேலாம். வட்டி நியாயமானதுதானா என்று அங்குள்ள நிதிக் கண்காணிப்பு அமைப்பு 2024 அக்டோபரில் ஆராயத் தொடங்கியது. மொத்தமாகக் கட்ட முடிந்தவனுக்கு மலிவு, முடியாதவனுக்கு விலை அதிகம். எல்லா ஊரிலும் இதே கதைதான்.

புதுக் கார் வாங்கும் சகோதரிகளுக்கு ஒன்று. 2018 செப்டம்பரிலிருந்து புதுக் காருக்கு மூன்றாம் நபர் காப்பீட்டை 3 வருஷத்துக்கும் சேர்த்தே எடுக்க வேண்டும். நம் கோயம்புத்தூர் டாக்டர் ராஜசேகரன் சாலை விபத்துகள் பற்றிப் போட்ட வழக்கில் உச்ச நீதிமன்றம் போட்ட உத்தரவு அது. நல்ல உத்தரவுதான். அடிபட்டவர்களுக்குப் பணம் கிடைக்க வேண்டும் அல்லவா? ஆனால் ஷோரூமில் இந்த இன்சூரன்ஸையும் சேர்த்து "ஆன் ரோடு" விலை என்று சொல்லி, மொத்தத்தையும் 7 வருஷக் கடனில் போட்டுவிடுகிறார்கள். முதல் வருஷத்தோடு முடிந்து போகிற சொந்தச் சேதக் காப்பீட்டுக்கு ஏழாவது வருஷமும் வட்டி கட்டிக்கொண்டிருப்போம். இன்சூரன்ஸ் தொகையை மட்டுமாவது கையிலிருந்து கட்டிவிடுவது மேல்.

எங்கள் கணக்குக்கு வருகிறேன். வட்டி 2,268, ப்ராசஸிங் 235, ஜூன் மாத அபராதம் இரண்டும் சேர்த்து 1,180. ஆக 3,683 ரூபாய். 2022 ஜூனில் அமலுக்கு வந்த கட்டணப்படி எங்கள் காருக்கு மூன்றாம் நபர் காப்பீடு வருஷத்துக்கே 3,416 ரூபாய்தான். அதாவது சட்டம் கட்டாயமாகக் கேட்கும் இன்சூரன்ஸை இன்னொரு தடவை கட்டும் அளவுக்குப் பணம் வெறுமனே போயிருக்கிறது. மாசம் 189 ரூபாய்தானே!

இதைச் சொன்னபோது என் கணவருக்குக் கோபம் வந்தது, நிஜமாகவே. "அன்னைக்குக் கையில பணம் இல்ல, நான் என்ன பண்ணட்டும்? உங்கிட்டக் கேட்டா நீ மட்டும் எங்கிருந்து தருவ?" என்றார். அவர் கேட்டது நியாயம். அந்த நவம்பரில் என்னிடமும் இல்லை. ஆனால் கேட்டிருந்தால் நான் ஆறு மாதம் முன்பே யோசித்திருப்பேன். இன்சூரன்ஸ் நவம்பரில் வரும் என்பது திடீரென்று வருகிற செலவா என்ன? தீபாவளி போல் தேதி தெரிந்த செலவுதானே!

அதனால் தீபாவளிச் சீட்டுப் பணத்தில்தான் கை வைத்தேன். 2025 தீபாவளிக்குக் கடைப் பலகாரம் இல்லை, எனக்குப் புடவை இல்லை. அதிரசமும் முறுக்கும் வீட்டிலேயே சுட்டோம். சின்னவன் இரண்டு நாள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தான்.

புதுப்பிப்பதற்கு முன் பாலிசியையும் இந்தத் தடவை வரி வரியாகப் படித்தேன். கிளெய்ம் வாங்காத தள்ளுபடி 25-லிருந்து 35 சதவீதமாக ஏறியிருந்தது. அது முதல் வருஷம் 20, பிறகு 25, 35, 45, 50 என்று ஏறும், காருக்கு அல்ல, சொந்தக்காரருக்குச் சேர்ந்தது. கார் ஓட்டும் சொந்தக்காரருக்கான 15 லட்ச ரூபாய் விபத்துக் காப்பீடு என் கணவருக்கு வேறு பாலிசியில் ஏற்கெனவே இருந்தது. இங்கே இன்னொரு தடவை எடுத்திருக்கிறார். அதை எடுத்துவிடச் சொன்னோம். எங்கள் பழைய காருக்குத் தேவையில்லாத ஒரு கூடுதல் சேர்க்கையையும் நீக்கினோம். பிரீமியம் 10,500 ஆனது, ஜி.எஸ்.டி. 1,890, மொத்தம் 12,390. (2025 செப்டம்பர் 22 முதல் தனிநபர் ஆயுள் காப்பீட்டுக்கும் மருத்துவக் காப்பீட்டுக்கும் ஜி.எஸ்.டி. எடுத்துவிட்டார்கள். சரக்கு லாரிகளின் மூன்றாம் நபர் காப்பீட்டுக்கும் 12-லிருந்து 5 ஆக்கினார்கள். நாமக்கல், சங்ககிரி பக்கம் அதற்கு நிம்மதிப் பெருமூச்சு விட்டார்கள். கார்க்காரர்களுக்கு அந்தச் சலுகை வரவில்லை.) ஒரே தவணையில் கட்டி ரசீதை நானே நீல ஃபைலில் வைத்தேன்.

டிசம்பரிலிருந்து பேங்கில் என் பெயரில் மாதம் 1,050 ரூபாய்க்கு ஒரு வருஷ ஆர்.டி. போட்டிருக்கிறேன். ஒரு மாதம் தடுமாறினாலும் இரண்டு அபராதம் கட்ட வேண்டியதில்லை. மாமியார் தன் முதியோர் பென்ஷனில் 50 ரூபாயை அதில் சேர்க்கச் சொல்லிக் கொடுக்கிறார். வேண்டாம் என்றால் கேட்பதில்லை. "நானும் அந்த வண்டியிலதானே போறேன்" என்கிறார்.

புதுப்பித்த வாரமே அந்த ஃபைனான்ஸ் தம்பி மறுபடி கூப்பிட்டார். "சார், இந்த வருஷமும் போட்டுரலாங்களா?" என்று கேட்டது எனக்கே கேட்டது. என் கணவர் ஒன்றும் சொல்லாமல் போனை என்னிடம் நீட்டிவிட்டார்.

"எத்தனை வட்டி தம்பி?" என்றேன்.

"மாசம் ஒரு 165 ரூபா வருங்க மேடம்."

"மாசம் எவ்வளவுன்னு கேக்கல கண்ணு. எத்தனை வட்டி? குறையற அசலுக்கு."

கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. மேனேஜரிடம் கேட்டுச் சொல்கிறேன் என்று வைத்தார். இன்னும் கூப்பிடவில்லை.

— ஒரு வாசகி, அஸ்தம்பட்டி, சேலம்